பெனல்ரிக்குப் பிறகு மீன் வரவில்லை

எங்கள் கடற்கரை ஊரில் உதைபந்தாட்டத்தை வளர்த்தவர் என்று என் கணவரைச் சொல்வார்கள். அவர் அந்த ஊருக்கு முதலில் கொண்டுபோனது ஒரு கிரிக்கெட் மட்டை.

அறுபதுகளின் தொடக்கம். மிஷன் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்திருந்த நேரம். எங்கள் இருவரையும் வடகரையில் ஒரு மீன்பிடி ஊருக்கு மாற்றினார்கள். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நான் தமிழ் படிப்பித்தேன். அவர் கணிதம் படிப்பித்தார். வேறு ஆள் இல்லாதபடியால் தேகாப்பியாசமும் அவர் தலையில் விழுந்தது. இரண்டு பேரும் பண்டத்தரிப்புப் பக்கத்துக் கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பங்கள். கடற்கரை ஊர் என்றதும் என் வீட்டில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. கடைசியில் அம்மா, "நல்ல மீன் கிடைக்கும் பிள்ளை" என்றார். அதற்கு மேல் ஆறுதல் சொல்ல அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை.

என் கணவர் படித்த கல்லூரியில் கிரிக்கெட்தான் விளையாட்டு. மற்றதெல்லாம் அவர் கணக்கில் ஓடிப்பிடிப்பது. வந்த முதல் மாதமே பாடசாலைக்குப் பின்னாலிருந்த வெளியில் தென்னங்கயிற்றுப் பாயை விரித்து, பெரிய வகுப்புப் பொடியன்களையும் ஊரின் இளைஞர்களையும் கூப்பிட்டார். மணலில் பந்து எழும்பவில்லை. குத்திய இடத்திலேயே இருந்தது. பாயில் பட்டு எழும்பிய பந்தை ஒருவன் ஓங்கி அடித்தான். அது நேரே கடலுக்குப் போயிற்று. நீந்தி எடுத்து வந்தார்கள். அடுத்த அடியும் கடலுக்கே. தெற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக் காலம் வேறு. தரையிலிருந்து எதை எறிந்தாலும் அது கடலுக்குத்தான் போகும். மாலை முடியும்போது பந்து உப்புத் தண்ணீரில் ஊறி குடித்து எறிந்த இளநீர்க் கோம்பை அளவுக்கு ஊதியிருந்தது.

ஓட்டமெடுக்காமல் தன் முறைக்காக நின்று களைத்துப்போன ஒருவன் கேட்டான்:

"மாஸ்ரர், இதிலை எல்லாரும் ஓடுறது எப்ப?"

"எல்லாரும் ஓடத் தேவையில்லை."

"பின்னை மிச்சப் பேருக்கு என்ன வேலை?"

அவர்கள் கூட்டமாக வலை இழுக்கிறவர்கள். ஒருவன் வேலை செய்ய மற்றவர்கள் நின்று பார்ப்பது அவர்களுக்குச் சரியாகப் படவில்லை. மட்டை எங்கள் வீட்டுக் கதவு மூலைக்கு வந்தது. பிறகு கதவு காற்றில் அடிபடாமல் இருக்க அது பல வருடம் உதவியது.

அந்த இளைஞர்கள் ஏற்கெனவே ஒரு பந்து வைத்திருந்தார்கள். பழைய வலைத்துண்டும் கயிறும் சாக்கும் சுற்றிக் கட்டியது. வள்ளங்கள் கரைக்கு வந்து, வலை காய்ந்து, சாப்பிட்டு எழும்பியபின் பின்னேரத்தில் அதை உதைப்பார்கள். எத்தனை பேர் வருகிறார்களோ அத்தனை பேரும் ஆடுவார்கள். பக்கம் பிரிப்பது யார் எந்த வள்ளத்தில் போகிறார்கள் என்பதை வைத்து. யாருக்காவது கோபம் வந்தால் ஆட்டம் முடிந்தது.

என் கணவர் யாழ்ப்பாணம் பட்டினத்துக்குப் போய் ஒரு தோல் பந்து வாங்கி வந்தார். உள்ளே சவ்வுப்பை, வெளியே சப்பாத்துக்கு இருப்பது போல நாடா. சைக்கிள் பம்பால் காற்றடித்து நாடாவைக் கட்டிக் கொடுத்தார். அதைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்தவர்களின் முகத்தில் வந்த மரியாதையைக் கிரிக்கெட் மட்டைக்கு நான் காணவில்லை.

தோல் உப்புக் காற்றுக்கு வெடிக்குமே என்று அவர் கவலைப்பட்டார். அவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெயைப் பந்துக்கும் பூசினார்கள். பந்து வெடிக்கவே இல்லை. ஆனால் அது வருவதை மணத்தை வைத்தே கண்ணை மூடிக்கொண்டும் சொல்லலாம். ஒருமுறை புத்தூரிலிருந்து ஒரு அணி விளையாட வந்தது. தோட்டம் செய்கிற ஊர், நல்ல உடம்புக்காரர். முதல் பந்தைத் தலையால் முட்டியவன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு அவர்களில் ஒருவரும் தலையைக் கொடுக்கவில்லை. உயர வந்த பந்துக்கெல்லாம் குனிந்தார்கள். நாங்கள் வென்றோம். எங்கள் ஆட்கள் அதைத் திறமை என்றே எடுத்துக்கொண்டார்கள்.

பக்கத்துக்குப் பதினொரு பேர்தான் என்ற சட்டத்தைக் கொண்டுவருவதற்குத்தான் என் கணவர் அதிகம் பாடுபட்டார்.

"அப்ப மற்றவையள்?"

"பாக்கலாம்."

"பாக்கிறதுக்கோ வந்தனாங்கள்?"

ஆனாலும் பார்த்தார்கள். அப்படித்தான் எங்கள் ஊரில் பார்வையாளர்கள் உண்டானார்கள். முதலில் அவர்கள் விளையாடக் கிடைக்காதவர்கள். ஆகவே விளையாடுகிறவர்களைப் பற்றி அவர்களுக்கு நல்ல அபிப்பிராயம் இருக்கவில்லை. வெளியின் மேற்கே ஒரு வீட்டின் தென்னோலைக் கிடுகு வேலி இருந்தது. பெண்கள் அதற்குப் பின்னால் நின்று பார்த்தோம். பந்தயம் அதிகமாக அதிகமாக வேலியில் கண்ணுயரத்துக்கு ஓட்டைகளும் அதிகமாயின. வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. முதல் ஓட்டை அவளுடையது.

எனக்கு அந்த ஊரில் இருந்த ஒரே சிநேகிதி மீன் கொண்டுவருகிற அக்கா. என்னைவிடப் பத்து வயதாவது கூட. பனையோலைக் கடகத்தை இறக்கி, குசினிப் பின்கதவடியில் குந்தியிருந்து, மீனை வெட்டித் தந்து, ஊர்ப் புதினம் முழுவதும் சொல்லிவிட்டுத்தான் போவாள். தாய் தகப்பன் இல்லாத தம்பியை அவள்தான் வளர்த்தாள். அந்தத் தம்பிதான் ஊர் அணியின் கப்டன். வள்ளத்தில் போகிறவன். அகன்ற தோள், அமைதியான பேச்சு. பின்வரிசையில் அவனைத் தாண்டிப் பந்து போவது குறைவு.

இரண்டு மூன்று வருடத்தில் கரையோர ஊர்களுக்கிடையே ஒரு கேடயத்துக்குப் போட்டி நடந்தது. கடைசி ஆட்டம் எங்களுக்கும் கிழக்கே இருந்த ஒரு கடற்கரை ஊருக்கும், எங்கள் வெளியில். பட்டினத்திலிருந்து வரவேண்டிய நடுவர் வரவில்லை. பஸ் எங்கோ நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. சனம் கூடிவிட்டது. என் கணவரிடம் விசிலும் இருந்தது, சட்டமும் தெரியும். கிழக்கூரார் ஒத்துக்கொள்ளவில்லை. "உவர் உங்கடை ஊரிலை இருக்கிறவர்" என்றார்கள்.

கப்டன் முன்னுக்கு வந்து சொன்னான்: "மாஸ்ரர் எங்கடை ஊரிலைதான் இருக்கிறார். ஆனால் எங்கடை ஆள் இல்லை."

அது அவர்களுக்கு நியாயமாகப் பட்டது. புகழ்ச்சியாகத்தான் சொன்னான். என் கணவர் அதை அன்றிரவு என்னிடம் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடியப் போகிற நேரம் வரை கோல் இல்லை. நான் வேலி ஓட்டையில் கண்ணை வைத்திருந்தேன். பக்கத்து ஓட்டையில் மீன்கார அக்கா. கிழக்கூரார் ஒருவன் கோலை நோக்கி உயர அடித்தான். எங்கள் கோல் காப்பாளர் முன்னுக்கு வந்துவிட்டிருந்தார். கப்டன் பின்னுக்கு ஓடி எழும்பினான். பந்து திரும்பி வெளியே வந்தது. சனம் கத்தியது. அதற்கு மேலாக விசில் கேட்டது.

கப்டனின் கையில் பந்து பட்டதென்று என் கணவர் பெனல்ரிக்கான சுண்ணாம்புப் புள்ளியைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஒருவரும் அவரை அடிக்கவில்லை. ஏசவும் இல்லை. கப்டன் ஒருமுறை அவரைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான், போய் ஒதுங்கி நின்றான். அவர்கள் அடித்தார்கள், கோல். கொஞ்சத்தில் ஆட்டம் முடிந்தது. கேடயத்தை மாட்டுவண்டிலில் ஏற்றிக்கொண்டு கிழக்கே போனார்கள். எங்கள் ஆட்கள் என் கணவரை வீடு வரைக்கும் கூட்டிவந்தார்கள். கப்டன் அவருடைய சைக்கிளை உருட்டிவந்து வாசல் படலையடியில் சாத்தினான். "போட்டு வாறம் மாஸ்ரர்" என்றான். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். இவ்வளவு பண்பான சனம் என்று நான் நினைத்தேன்.

அடுத்த நாள் காலை மீன்கார அக்கா எங்கள் படலையைத் தாண்டிப் போனாள். ஓடிப்போய்க் கூப்பிட்டேன்.

"மீன் முடிஞ்சுது ரீச்சர்."

கடகத்தில் விளமீனின் வால் வெளியே தெரிந்தது. அவளும் அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். போய்விட்டாள்.

மறுநாளும் முடிந்திருந்தது. அதற்கு மறுநாளும். கரைக்குப் போனால் ஏலம் நான் போகச் சற்று முன்னர்தான் முடிந்திருக்கும். எல்லோரும் வணக்கம் சொல்வார்கள். பிள்ளைகள் வகுப்பில் முன்னரைவிட ஒழுங்காக இருந்தார்கள். ஒருவரும் எங்களோடு கதைப்பதை நிறுத்தவில்லை. மீன் மட்டும் இல்லை.

கத்தரிக்காய் சாப்பிட்டோம். பருப்பு, முருங்கையிலை, பூசணிக்காய், திரும்பவும் கத்தரிக்காய். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் சைக்கிளில் தூரத்துச் சந்தைக்குப் போய் மீன் வாங்கி, ஓலைப்பையை ஹாண்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். ஊர் முழுக்க வாசலில் நின்றது.

"எங்கை மாஸ்ரர் வாங்கினனீங்கள்?"

"சந்தையிலை."

"பழசாயிருக்குமே."

அவர்கள் சொன்னது சரி. எங்கள் கரையில் முதல்நாள் பிடித்து, சந்தைக்குப் போய், வெயிலில் திரும்பி வந்த மீன் அது. எனக்கு மீனைவிட அந்தக் குசினிப் பின்கதவு வெறுமையாகக் கிடந்ததுதான் தாங்க முடியவில்லை. ஊரில் யாருக்குப் பிள்ளை பிறந்தது, யாருடைய வள்ளம் திரும்பவில்லை என்பதையெல்லாம் வகுப்பில் பிள்ளைகள் சொல்லித்தான் அறிந்தேன்.

ஒரு பின்னேரம் அவரிடம் கேட்டேன்: "இஞ்சாருங்கோ, நீங்கள் காணாத மாதிரி விட்டிருக்கலாம்தானே?"

"கண்டுபோட்டுக் காணேல்லை எண்டு எப்பிடி விடுறது?"

"பத்தாம் வகுப்புப் பொடியள் பின்னுக்கிருந்து கதைக்கேக்கை விடுறியள்தானே?"

"அதுக்குப் பெனல்ரி இல்லை" என்றார். பகிடிக்குச் சொல்லவில்லை.

இதற்கிடையில் ஊர் சும்மா இருக்கவில்லை. பந்து கப்டனின் முழங்கைக்கு மேலே பட்டது என்று ஒரு கட்சி உண்டாகியிருந்தது. முழங்கைக்கு மேலே பட்டால் அது கையா என்பது கேள்வி. சலூனில் இதைக் கதைத்தார்கள். கூட்டுறவுச் சங்கக்கடையில் கதைத்தார்கள். கோயில் ஐயரிடம் கேட்டதற்கு, கை கழுவுவதென்றால் மணிக்கட்டு வரைக்கும்தான் கழுவுகிறோம் என்று அவர் சொன்னாராம். அது எங்கள் ஊருக்குச் சாதகமாக இருந்தது. நாட்டு வைத்தியம் செய்கிற பரிகாரியாரோ, கை வலிக்குத் தான் தோளிலிருந்தே எண்ணெய் போடுவதாகச் சொல்லிவிட்டார். கடைசியாகத் தையற்காரரிடம் போனார்கள்.

"நான் சட்டைக்குக் கை வைக்கிறது தோள்மூட்டிலை இருந்து" என்றார் அவர்.

"அரைக்கைச் சட்டைக்கு?"

"அதுக்கும் அங்கையிருந்துதான். முடியிற இடம்தான் வேறை."

இதற்குப் பிறகு ஐயரின் கட்சி மெலிந்தது. ஆனால் அதற்குள் பந்தே பார்த்திராத கிழடுகளும் பெட்டைகளும் பெனல்ரி என்றால் என்ன, பெட்டிக்கோடு எங்கே போகிறது, காப்பாளர் மட்டும் ஏன் கையால் தொடலாம் என்பதெல்லாம் படித்து முடித்திருந்தார்கள். என் கணவர் மூன்று வருடமாகச் சொல்லிக்கொடுத்து ஏறாத சட்டம் அவருக்கு மீன் கொடுக்காத அந்தச் சில கிழமைகளில் ஊர் முழுக்க ஏறியது. அந்த வெளியில் விளையாட்டு வேரோடியது எப்போது என்று யாராவது கேட்டால் நான் அந்தக் காலத்தைத்தான் சொல்வேன்.

ஒருநாள் காலை மீன்கார அக்கா படலையடியில் தானாகவே நின்றாள். கடகத்தை இறக்கவில்லை.

"ரீச்சர், ஒண்டு கேக்கிறன். பந்து அவன்ரை கையிலை பட்டதோ, அவன்ரை கை பந்திலை பட்டதோ?"

"இரண்டும் ஒண்டுதானே அக்கா?"

"இல்லை ரீச்சர். பந்து வந்து பட்டால் அவன் என்ன செய்யிறது? கை போய்ப் பட்டால் அது வேறை கதை. மாஸ்ரரைக் கேட்டுச் சொல்லுங்கோ."

பின்னேரம் அவரிடம் கேட்டேன். கொப்பி திருத்திக்கொண்டிருந்தவர் பேனையை வைத்துவிட்டார். "உதுதான் சரியான கேள்வி. இவ்வளவு நாளும் ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை" என்றார். அவருக்குக் கண் கலங்கியதோ என்று எனக்குச் சந்தேகம். "கை போய்ப் பட்டது. கோலுக்குள்ளை போற பந்தைத் தட்டினவன். எனக்கு நல்லாத் தெரிஞ்சது."

காலையில் அதை அப்படியே சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டு போனாள். அன்று வீட்டில் என்ன நடந்ததென்று பிறகுதான் எனக்குச் சொன்னாள். தம்பி சாப்பிட உட்கார்ந்ததும் சோற்றைப் போட்டுவிட்டு, கறிச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். அவன் சோற்றைப் பார்த்துக்கொண்டு, "தட்டினனான் அக்கா" என்றானாம்.

"அப்ப ஏன்ரா இவ்வளவு நாளும் வாய் திறக்கேல்லை?"

"ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லையே. எல்லாரும் தையற்காரரை எல்லோ கேட்டவை."

அன்று பின்னேரம் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பாரைமீன், வாயில் கயிறு கோத்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"தட்டினனான்தான் மாஸ்ரர். ஆனால் அதை நீங்கள் கண்டிருக்கத் தேவையில்லை."

"கண்டுபோட்டன்."

"ஓம். அதுதான் பிரச்சினை."

பிறகு அவன் சொன்னான்: "கிழக்கூரார் தங்கடை ஊரிலை ஒரு போட்டி வைக்கினம். ரெபரியாய் உங்களைத்தான் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

"ஏன் என்னை?"

"எங்களுக்கு எதிராக் குடுத்தனீங்கள் எல்லோ. இனி ஆருக்கும் குடுப்பியள் எண்டு அவையளுக்கு நம்பிக்கை."

மீனை என்னிடம் தந்தான். நான் வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, யாரும் காணாமல் கொஞ்சம் அழுதேன். பாரைமீனுக்கு முன்னால் அழுதது அதுதான் முதலும் கடைசியும்.

காலையில் அக்கா பின்கதவடியில் குந்தினாள். மீனை வெட்டிக்கொண்டே, "ரீச்சர், ஓவ்சைட் எண்டால் என்ன?" என்றாள். எனக்குத் தெரியாது. இரண்டு பேருமாக அவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் மீன் துண்டுகளை நிலத்தில் வரிசையாக வைத்து, பந்து வரும் நேரம் எங்கள் ஆளுக்குப் பின்னுக்கு எதிராளிகள் எத்தனை பேர் நிற்கவேண்டும் என்று விளங்கப்படுத்தினார். அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது. எனக்குச் சமைத்து முடிந்த பிறகும் விளங்கவில்லை.

அதன் பிறகு அவரை வீட்டில் காண்பது குறைந்தது. ஒவ்வொரு ஊராரும் வந்து கூப்பிட்டார்கள். கொழும்புத்துறைப் பக்கம் போவார், தீவுகளுக்குப் போவார். எங்கே போனாலும் ஏதோ ஒரு ஊர் அவரோடு கதைக்காமல் இருந்தது. ஆனால் அடுத்த வருடம் அதே ஊர்தான் அவரைத் தேடி வந்தது. எங்கள் ஊருக்கு அதில் ஒரு பெருமிதம் வந்துவிட்டது. "எங்கடை மாஸ்ரர்" என்று சொல்லத் தொடங்கினார்கள். எங்கடை ஆள் இல்லை என்று சொன்ன கப்டனே முதலில் அப்படிச் சொன்னான். அவர் அதையும் என்னிடம் வந்து சொன்னார். இந்த முறை கூரையைப் பார்க்கவில்லை, சாப்பாடு கேட்டார்.

எழுபதுகளில் கிடுகு வேலி மதிலாகியது. மதிலில் ஓட்டை போட முடியாதபடியால் பெண்கள் வெளியே வந்து கோட்டோரம் நின்றார்கள். அதைப் பற்றி யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. முதலில் வயதானவர்கள், பிறகு பிள்ளைத்தாய்ச்சிகள், பிறகு எல்லோரும். வானொலியில் கிரிக்கெட் வர்ணனை போகும். சங்கக்கடையில் அதைக் கேட்டுக்கொண்டு ஓரிருவர் இருப்பார்கள்; பின்னேரமானதும் வானொலியை நிறுத்திவிட்டு வெளிக்கு வந்துவிடுவார்கள்.

எண்பது பிறக்கும் காலத்தில் என் கணவருக்கு முழங்கால் ஓட மறுத்தது. யாரை நடுவராக வைப்பது என்று ஊர் யோசித்து, பழைய கப்டனையே வைத்தது. அவனுக்கும் அதற்குள் தலை நரைத்துவிட்டது. எல்லாச் சட்டமும் தெரியும். ஆனால் விசிலை வாயிலிருந்து எடுக்கத் தெரியாது. பந்து வெளியே போனாலும் ஊதுவான், உள்ளே வந்தாலும் ஊதுவான். முதல் ஆட்டத்தை என் கணவர் கதிரை போட்டு முழுக்கப் பார்த்தார். எப்படி என்று கேட்டேன்.

"நல்ல சுவாசப்பை" என்றார்.

அந்த ஆட்டத்தின்போது நானும் மீன்கார அக்காவும் கோட்டோரம் நின்றோம். ஒரு கட்டத்தில் தம்பி எங்கள் ஊருக்கு எதிராக ஓவ்சைட் ஊதினான். அக்கா கோட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

"கண் பொட்டையோடா? பின்னுக்கு நிண்டவன் உனக்குத் தெரியேல்லையோ?"

அவன் ஆட்டத்தை நிறுத்தினான். விசிலை வாயிலிருந்து எடுத்து, எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்: "அக்கா, கோட்டுக்கு அங்காலை நில்லுங்கோ."

அக்கா பின்னுக்கு வந்தாள். சரியாகக் கோட்டுக்கு அங்கால். ஒரு விரற்கடையும் மிச்சமில்லாமல். "பின்னுக்கு ஒருத்தன் நிண்டவன் ரீச்சர். நீங்களும் கண்டனீங்கள்தானே?" என்று என்னைக் கேட்டாள். நான் கண்டது நீலச் சட்டைகளும் புழுதியும்தான். ஓம் என்று தலையாட்டினேன்.

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. தொடக்க காலத்தில் இப்படி முடிந்தால் இருட்டும்வரை விளையாடுவார்கள். வெல்லாமல் வீட்டுக்குப் போவதற்கு ஒருவருக்கும் மனம் வராது. இப்போது சனம் மணலைத் தட்டிவிட்டு எழும்பியது. சிலர் காப்பாளரைக் குறை சொன்னார்கள். வாடைக் காற்று தொடங்கியிருந்தது. நான் ஒரு கையில் அவருடைய கதிரையை மடித்துத் தூக்கிக்கொண்டு, மற்றக் கையால் அவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அக்கா முன்னால் போனாள். தம்பி அவளுக்குப் பின்னால் ஓடிப்போய் எதையோ விளங்கப்படுத்திக்கொண்டிருந்தான், கையை நீட்டி நீட்டி. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.